அம்பத்தூர் ஷெட்டில் 1,600 கிலோ லேத்தைக் காற்றில் நகர்த்தியது

லேத் என்பது இரும்பைச் சுழற்றிக் கடையும் இயந்திரம். இதன் எடை 1,600 கிலோ. அதை முன் ஷெட்டிலிருந்து பின் ஷெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். தூரம் 14 மீட்டர்தான். ஆனால் நடுவில் ஒரு வாசல் இருக்கிறது: ஏழடி அகலம், லிண்டல் ஏழரை அடி உயரத்தில். ஹைட்ரா என்கிற நகரும் கிரேன் ஷட்டர் வரைக்கும் வரும், அதற்கு மேல் அதன் கையை நீட்ட இடமில்லை. மேலே இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் அதைத் தாங்கும் பழைய ஆங்கிள் இரும்புச் சட்டமும் (ட்ரஸ்). அதில் சங்கிலியால் தூக்கும் செயின் பிளாக் மாட்டினால் லேத் கீழே இருக்கும், கூரைதான் இறங்கி வரும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இதற்கு வழக்கமான வழி ஒன்று உண்டு. மெஷின் ஷிஃப்டிங் ஆட்கள் ஆறு பேர் வருவார்கள். கடப்பாரையால் நெம்பி, அடியில் ஜிஐ பைப்பை உருட்டிவிட்டு, பின்னால் வெளியே வரும் பைப்பை எடுத்து முன்னால் போட்டு, ஒரு மதியத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். எனக்கும் அதில் ஒரு ஆட்சேபணையும் இல்லை. சிக்கல், பின் ஷெட்டில் புதிதாகப் போட்டிருந்த எபாக்சி தரை, அதாவது பிசின் பூச்சுத் தரை. கடப்பாரை முனை பட்டால் எபாக்சி பெயரும். பைப்பின் விளிம்பு ஏறினால் கோடு விழும். அந்தத் தரைக்கு ஆன செலவை நினைத்தாலே கடப்பாரையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆனால் பளபளப்பான, சந்தில்லாத அதே தரைதான் காற்று மெத்தைக்கு ஆகச் சிறந்த தரை. அங்கிருந்துதான் யோசனை கிளம்பியது. பெரிய தொழிற்சாலைகளில் டிரான்ஸ்ஃபார்மர்களையும் விமானப் பாகங்களையும் இப்படித்தான் நகர்த்துகிறார்கள். அடியில் நாலு ரப்பர் பேட், ஒவ்வொன்றுக்கும் ஒரு காற்றுக் குழாய். வெளிநாட்டு செட் விலை கேட்டதோடு சரி. நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

எப்போதும் எங்களுக்கு மெஷின் நகர்த்திக் கொடுக்கும் பெரியவரிடம் சொன்னேன். லேத்தை ஏற்றி இறக்க அவர் வந்துதான் ஆக வேண்டும். அவர் கேட்டது ஒரே கேள்வி.

“காத்துலயா? அடில பலூனா வெப்ப தம்பி?”

“பலூன் மாதிரிதான் அண்ணே. ஆனா அடில ஓட்டை இருக்கும்.”

“ஓட்டை போட்ட பலூனு ஒண்ணரை டன்ன தூக்குமா?”

நியாயமான கேள்விதான்.

பதில் கணக்கில் இருக்கிறது. 1 பார் என்பது ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. 28 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு 616 சதுர செ.மீ. அந்த வட்டத்துக்கு அடியில் 1 பார் காற்றை அடைத்து வைக்க முடிந்தால் அது 600 கிலோவுக்கு மேல் தாங்கும். நாலு வட்டம் என்றால் இரண்டரை டன் ஆகிவிடும். சைக்கிள் டயரில் நாம் அடிக்கும் காற்றே இதைவிட அதிக அழுத்தம். ஆக எடையைத் தூக்குவது ஒரு விஷயமே இல்லை. அந்தக் காற்றை ‘அடைத்து வைப்பது’தான் விஷயம். இந்த வேலை முழுக்க நான் மல்லுக்கட்டியது லேத்தோடு அல்ல, தரையோடு.

பேட் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு தட்டையான பலகை. அதன் அடியில் வட்டமான ரப்பர் துணி. துணியின் வெளி விளிம்பைச் சுற்றி ஒரு வளையம் வைத்துப் பலகையோடு இறுக்கியிருக்கும்; நடுவிலும் ஒரு சின்ன வட்டத் தட்டு வைத்து இறுக்கியிருக்கும். பலகைக்கும் துணிக்கும் இடையில் காற்றைவிட்டால், விளிம்பும் நடுவும் பிடித்திருப்பதால் இடைப்பட்ட பகுதி மட்டும் வடை வடிவத்தில் உப்பித் தரையைத் தொடும். வடையின் உட்பக்கச் சுவரில் ஓட்டைகள். அவை வழியாகக் காற்று நடுக்குழிக்குள் இறங்கும். வடை தரையை அணைத்தபடி இருப்பதால் அந்தக் காற்று வெளியே போக வழியில்லாமல் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அழுத்தம் × பரப்பு மேலே இருக்கும் எடையைத் தாண்டும் கணத்தில் வடையின் அடிவிளிம்புக்குக் கீழே காற்று கசிய ஆரம்பிக்கும். கசியும் அந்தப் படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் கீழே. இப்போது ரப்பர் தரையைத் தொடவில்லை. லேத் காற்றின் மேல் நிற்கிறது.

ஹோவர்கிராஃப்டும் இதே குடும்பம்தான். கிறிஸ்டோபர் காக்கரெல் 1955இல் ஒரு டப்பாவுக்குள் இன்னொரு டப்பாவை வைத்து, இடுக்கு வழியாகக் காற்றை ஊதி, சமையலறைத் தராசில் அளந்து பார்த்து ஆரம்பித்த விஷயம். 1959 ஜூலை 25 அன்று எஸ்ஆர்-என்1 என்ற வண்டி பிரான்சின் கலேயிலிருந்து இங்கிலீஷ் கால்வாயைக் கடந்து டோவருக்குப் போனது. நம் மண்டபத்தில் கடலோரக் காவல்படையிடம் இருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஆனால் அது மணல் மேட்டிலும் அலையிலும் ஓட வேண்டிய வண்டி, அதனால் பெரிய பரப்பு, ரொம்பக் குறைந்த அழுத்தம், ஏராளமான காற்று. நாலடி வட்டப் பலகையின் அடியில் 0.01 பார் இருந்தாலே 100 கிலோ ஆளைத் தூக்கிவிடும்; வெறும் ப்ளோயர் போதும். லேத்துக்கு அது ஆகாது. அங்கே பரப்பு சின்னது, அழுத்தம் அதிகம். ஆகவே கசிவு சொற்பமாக இருந்தே தீர வேண்டும்.

கசிவுக்கு ஒரு பொல்லாத விதி இருக்கிறது. மெல்லிய இடுக்கு வழியாகப் போகும் காற்றின் அளவு, இடுக்கின் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. நான் போட்ட தோராயக் கணக்கில் 0.05 மி.மீ. படலத்துக்கு ஒரு பேடுக்கு நிமிடத்துக்கு 80 லிட்டர் போதும், 0.1 மி.மீ. ஆனால் 600 லிட்டருக்கு மேல். என்னிடம் இருப்பது 5 எச்பி கம்ப்ரசர். அதன் பெயர்த்தட்டில் நிமிடத்துக்கு 20 கன அடி என்று அச்சடித்திருக்கும், அது பிஸ்டன் நகரும் கொள்ளளவு. கம்ப்ரசர் வாங்கும் எல்லோரும் இந்த எண்ணைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். வெளியே நிஜமாக வருவது 14 கன அடிதான், அதாவது நிமிடத்துக்கு 400 லிட்டர் சுமார். நாலு பேடும் 0.05இல் ஓடினால் 320 லிட்டர், சமாளிக்கலாம். தரை கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தாலே கதை முடிந்தது.

பேட் செய்தது

பலகைக்கு 18 மி.மீ. மரைன் பிளைவுட் இரண்டை ஒட்டி, 16 அங்குலச் சதுரமாக வெட்டிக்கொண்டேன். வெளி வளையம் 6 மி.மீ. எம்எஸ் (சாதாரண இரும்பு) தகடு; எஸ்டேட்டிலேயே லேசர் கட்டிங்கில் கொடுத்து வாங்கியது. நடுத்தட்டு 120 மி.மீ. விட்டம், 25 மி.மீ. தடிமனுள்ள நைலான். அது துணியைப் பிடிப்பதற்கு மட்டுமல்ல. காற்று நின்றுவிட்டால் மொத்த எடையும் அதன் மேல்தான் உட்காரும். அது இல்லையென்றால் 500 கிலோ நேராக ரப்பர் துணியின் மேல் இறங்கி, அடுத்த தடவை உப்பும்போது கிழியும்.

துணிக்குத்தான் ரொம்ப அலைச்சல். லாரி தார்ப்பாய் மலிவு, காற்றும் விடாது. ஆனால் அது கொஞ்சமும் இழுபடாது; உப்பும்போது சுருக்கம் விழுந்து, ஒவ்வொரு சுருக்கமும் ஒரு வாய்க்கால் ஆகிவிடுகிறது. லாரி டியூபை வெட்டி விரித்தால் நேர் எதிர்: எல்லாப் பக்கமும் இழுபட்டு, ஒரு பக்கம் மட்டும் புடைத்துக்கொள்கிறது. கடைசியில் பாரிமுனைப் பக்கம் ரப்பர் ஷீட் கடை ஒன்றில், பம்புகளுக்கு டயாஃப்ரம் வெட்டும் ஷீட் கிடைத்தது. உள்ளே துணி ஓடிய நைட்ரைல் ரப்பர், 1 மி.மீ. தடிமன். பத்தில் ஒரு பங்கு அதிகம் விட்டு வெட்டி, மிச்சத்தை வெளி வளையத்துக்கு அடியில் புடவைக் கொசுவம் போலச் சீராக மடித்து இறுக்கினேன். கொசுவம் விளிம்போடு நின்றுவிடும். தரையைத் தொடும் இடத்துக்கு வராது. அதுதான் தேவை.

உட்பக்கம் எட்டு ஓட்டை, 6 மி.மீ. பஞ்ச்சில் குத்தியது. பிளைவுட்டில் அரை இஞ்ச் நிப்பிள். மற்றபடி டெஃப்லான் டேப், கிளிப், வழக்கமான சமாச்சாரம்.

ஒரு பேடை மட்டும் முதலில் சோதித்தேன். மேலே ஆறு சிமெண்ட் மூட்டை, 300 கிலோ. இடம், பின் ஷெட்டின் எபாக்சி தரை. கணக்குப்படி 0.49 பாரில் மிதக்க வேண்டும். அழுத்தம் காட்டும் கேஜில் 0.55 தொடும்போது ‘ஸ்ஸ்ஸ்’ என்ற சத்தம் மெல்லிசாக மாறியது. ஒரு விரலால் மூட்டையைத் தொட்டேன், மொத்தமும் நகர்ந்து போனது. பக்கத்தில் நின்ற ஹெல்பர் பையன் சிரித்தே விட்டான். அப்புறம் ஆளாளுக்கு ஒரு தடவை தள்ளிப் பார்க்காமல் வேலைக்குப் போகவில்லை.

காற்றைக் கூட்டிப் பார்த்தபோது வேறொன்று நடந்தது. 0.7ஐத் தாண்டியதும் பேட் டகடகவென்று தரையை அடிக்க ஆரம்பித்தது. நடுக்குழியில் காற்று நிறையும், பேட் மேலே எழும், எழுந்ததும் இடுக்கு பெரிதாகிக் காற்று மொத்தமாக வெளியேறும், பேட் விழும், மறுபடி நிறையும். ஒரு நொடியில் பல தடவை இது நடப்பதால் இப்படிச் சுத்தியல் அடிப்பது போலக் கேட்கிறது. மூட்டை ஒன்றிலிருந்து சிமெண்ட் புகையாகக் கிளம்பியது. தூக்கப் போதாமல் இருக்கிறது என்று நினைத்து வால்வைத் திறக்கத்தான் கை போகும். செய்ய வேண்டியது மூடுவது. பேடுக்குப் பக்கத்திலேயே ஒரு பால் வால்வைப் போட்டு, பாதி மூடி வைத்தால் அடங்கிவிடுகிறது. குழியின் கொள்ளளவு குறைந்தாலும் அடங்கும், அதனால் நடுத்தட்டைச் சுற்றியிருந்த வெற்றிடத்தில் ஒரு மெல்லிய பிளைவுட் வளையத்தையும் சேர்த்து ஒட்டினேன்.

இழுவையை அளக்க, பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசை மாட்டி இழுத்தேன். 300 கிலோவுக்கு ஒரு கிலோ காட்டியது. காற்று மெத்தையில் உராய்வு எடையில் ஆயிரத்தில் ஒன்றிலிருந்து ஐந்து பங்குக்குள் இருக்கும் என்பார்கள், ஆக இது சரியான எண்தான். ஆனாலும் சந்தேகம். ஹோஸைக் கயிறு கட்டி ட்ரஸ்ஸிலிருந்து தொங்கவிட்டு மறுபடி இழுத்தேன்: அரை கிலோவுக்கும் கீழே. அதாவது நான் அளந்ததில் பாதிக்கு மேல், தரையில் தேய்ந்துகொண்டு வந்த ஹோஸின் இழுவை! மிதக்கும் பொருளுக்கு ஒரு முக்கால் இஞ்ச் குழாயே நங்கூரம் ஆகிவிடுகிறது.

பழைய தரை

எபாக்சியில் விளையாடியதெல்லாம் சரி. லேத் நிற்பது முன் ஷெட்டில், பழைய சிமெண்ட் தரையில். அங்கே அதே பேடை, அதே மூட்டைகளோடு வைத்தால் எழவே இல்லை. கம்ப்ரசர் முழுக்க ஓடுகிறது, சத்தம் காதைப் பிளக்கிறது, பேட் அசையவில்லை.

காற்று எங்கே போகிறது என்று பார்க்கக் கோலமாவு எடுத்தேன். பேடைச் சுற்றித் தரையில் மெல்லிசாகத் தூவிவிட்டுக் காற்றைத் திறந்தேன். நல்ல தரையில் இதைச் செய்தால் பேடைச் சுற்றி ஒரே அகலத்தில் சுத்தமான வளையம் கிடைக்கும். இங்கே வளையம் இல்லை. நாலைந்து இடத்தில் மாவு விசிறி விசிறியாகப் பறந்திருந்தது; மற்ற இடங்களில் தூவியபடியே கிடந்தது. விசிறியின் கூர்முனை காட்டும் இடத்தில் குனிந்து பார்த்தால் ஒரு மயிரிழை வெடிப்போ, ஜல்லி பெயர்ந்த குழியோ இருக்கும். ஒரு இடத்தில் கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை, விரலை வைத்துத் தேய்த்தால் மட்டும் மணல் மணலாக வந்தது. மேல்பூச்சு தேய்ந்த சிமெண்ட் காற்றைக் குடித்துவிடுகிறது.

தரையைப் புதிதாகப் போடும் எண்ணமில்லை. பெரிய குழிகளை மட்டும் பட்டி வைத்து அடைத்துவிட்டு, மேலே 20 கேஜ் ஜிஐ ஷீட் விரித்தேன், எட்டுக்கு நாலு. ஷீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அங்குலம் ஏற்றி, போகும் திசையில் பேட் கீழ்ப்படியில் இறங்குவது போல அடுக்கி, சந்துகளில் பிரவுன் டேப். ஓரங்களையும் தரையோடு டேப் போட்டு ஒட்ட வேண்டும், இல்லையென்றால் சந்து வழியாகக் காற்று ஷீட்டுக்கு அடியில் புகுந்து ஷீட்டையே தூக்குகிறது. லினோலியம் ரோலும் முயன்று பார்த்தேன். வழவழப்பு அருமை. ஆனால் பேடுக்கு முன்னால் அலை மாதிரிச் சுருண்டு வந்து நிறுத்திவிடுகிறது.

ஷீட்டின் மேல் கோலமாவு சுத்தமான வளையம் காட்டியது.

அடுத்தது வாட்டம். மழைத் தண்ணீர் ஷட்டர் பக்கம் வடிய வேண்டும் என்று முன் ஷெட்டுக்குக் கொத்தனார் வாட்டம் வைத்துத்தான் போட்டிருந்தார். டியூப் லெவலில் பார்த்தால் 6 மீட்டருக்கு 5 செ.மீ. சரிவு. நடக்கும்போது யாருக்கும் தெரியாது. ஆனால் 1,600 கிலோ உராய்வே இல்லாமல் அதன் மேல் நின்றால் 13 கிலோ விசையோடு அது ஷட்டரை நோக்கி ஓடப் பார்க்கும். படலத்தின் உராய்வு ஐந்து கிலோ சுமார். அதாவது கையை எடுத்தால் லேத் தானாகத் தெருவுக்குக் கிளம்பிவிடும்.

பெரியவர் இதைக் கேட்டதும் முதல் தடவையாக முகம் மாறினார். பலூன் கேலி போய்விட்டது.

“அப்ப புடிக்கிறதுக்கு என்ன வெச்சிருக்க?”

நான் வால்வைக் காட்டினேன். காற்றை வெட்டினால் ஒரு நொடிக்குள் நைலான் தட்டில் உட்கார்ந்துவிடும், அங்கேயே நிற்கும். அவருக்கு அது போதவில்லை. லேத்தின் ஹெட்ஸ்டாக் பக்கம், அதாவது பொருளைச் சுழற்றும் தலைப்பக்கம், உயரமானது, கனமானது; ஓட்டத்தில் சடாரென்று உட்கார்ந்தால் மேல்பாகம் முன்னால் சாயும் என்றார். அவர் சொன்னது சரி. கணக்குப் போட்டால், மெதுவாக நொடிக்கு 30 செ.மீ. போகும் 1,600 கிலோவை ஒரு அடிக்குள் நிறுத்த 24 கிலோ விசை போதும், இரண்டு பேர் கையால் நிறுத்திவிடலாம். சாதாரண நடை வேகத்தில், நொடிக்கு ஒரு மீட்டர் என்று வைத்தால், அதே ஒரு அடிக்குள் நிறுத்த 270 கிலோ வேண்டும். அதனால் எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக. கூடவே முன்னால் கயிறு கட்டி, அதை வாசல் பக்கத் தூணில் ஒன்றரைச் சுற்று சுற்றி, நுனியைத் தானே பிடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். கயிறு அவர் ஏரியா.

ஏற்றியதும் நகர்த்தியதும்

லேத்தின் அடியில் குறுக்காக இரண்டு இரும்புச் சேனல், ஹெட்ஸ்டாக் காலுக்கு ஒன்று, எதிர்முனையான டெயில்ஸ்டாக் காலுக்கு ஒன்று. ஃபவுண்டேஷன் போல்ட் ஓட்டைகளிலேயே போல்ட் போட்டு முறுக்கியாயிற்று. சேனல் லேத்தைவிட இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும், நுனிகளில் பேட். அப்படி அகலமாக வைத்தால்தான் முன்னும் பின்னும் சாயாது. பேட் உள்ளே நுழைய ஏழு செ.மீ. தூக்க வேண்டியிருந்தது. பெரியவரும் அவர் ஆள் ஒருவரும் ஜாக்கி, கட்டை, ஜாக்கி, கட்டை என்று மூலை மூலையாக ஏற்றினார்கள். நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு மூலை எழும்போது மறு மூலையில் கட்டை இல்லாமல் அவர் அடுத்த பம்ப் அடிப்பதே இல்லை.

காற்று விநியோகம்: கம்ப்ரசரிலிருந்து முக்கால் இஞ்ச் ஹோஸ், ஒரு பெரிய பால் வால்வு, அதிலிருந்து ஜிஐ பைப்பில் செய்த மேனிஃபோல்ட், நாலு கிளை. ஒவ்வொரு கிளையிலும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் தனி ரெகுலேட்டர், தனி கேஜ். நாலுக்கும் ஒரே ரெகுலேட்டர் போட்டால் நடக்காது. காற்று சோம்பேறி, லேசான மூலை எதுவோ அதைத் தூக்கி, அங்கேயே எல்லாம் வெளியேறிவிடும். கனமான மூலை தரையிலேயே இருக்கும். ரெகுலேட்டரும் அரை இஞ்ச்சாக இருக்க வேண்டும். ஸ்ப்ரே கன்னுக்கு மாட்டும் கால் இஞ்ச் சைஸ் அழுத்தத்தைக் காட்டும், ஆனால் அந்த அளவுக் காற்றை விடாது.

மூலைக்கு மூலை கூட்டிப் பார்த்ததில் ஹெட்ஸ்டாக் பக்க பேடுகள் 0.85 பாரிலும், டெயில்ஸ்டாக் பக்கம் 0.5 பாரிலும் எழுந்தன. 616ஆல் பெருக்கிக் கூட்டினால் மொத்தம் 1,660 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. சேனல் எடையைச் சேர்த்தால் கிட்டத்தட்ட அதேதான். லேத்தை எந்தத் தராசிலும் ஏற்றாமல் மூலைவாரியாக எடை கிடைத்துவிட்டது. காற்று மெத்தையில் இது இலவசமாக வரும் வசதி. மெஷினின் எடைமையம் எங்கே இருக்கிறது என்று இதைவிடச் சுலபமாகத் தெரிந்துகொள்ள வழியில்லை.

ஆட்கள்: பெரியவர் கயிற்றில். நான் பெரிய வால்வில். தள்ள இரண்டு பேர், ஹோஸைத் தூக்கிப் பிடிக்க ஹெல்பர். யார் “கட்” என்றாலும் நான் வால்வை மூட வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. பேடுக்கோ சேனலுக்கோ அடியில் கையும் காலும் போகக் கூடாது. லேத் மிதக்கும்போது ஒரு செ.மீ. சுமார்தான் எழுகிறது, ஆனால் ஒரு செ.மீ. இறங்கும் 1,600 கிலோவுக்கு விரல் என்ன, கட்டை என்ன.

திறந்தேன். நாலு பேடும் சீறின. முதலில் டெயில்ஸ்டாக் பக்கம், அரை நொடி கழித்து ஹெட்ஸ்டாக் பக்கம், லேத் ஒரு பெருமூச்சில் எழுந்தது. எழுந்த உடனே கயிறு விறைத்தது. வாட்டம் வேலையைக் காட்டிவிட்டது. பெரியவர் கயிற்றை விடவில்லை; லேத் நகர நகரத் தொய்வை மட்டும் இழுத்துக்கொண்டார். தள்ளுகிற இரண்டு பேருக்கும் இருபது கிலோ தள்ளும் சிரமம்தான். லேத் வாசலை நோக்கி, ஷீட் ஷீட்டாக ஏறிப் போனது. ஒவ்வொரு ஷீட் சந்திலும் கேஜ் முள் ஒரு தடவை துள்ளும், சீற்றம் ஏறி இறங்கும்.

டாங்க் 220 லிட்டர். 10 கிலோ அழுத்தத்தில் ஆரம்பித்தது மளமளவென்று இறங்கியது. 4க்கு வந்ததும் வெட்டி, உட்கார வைத்து, கம்ப்ரசர் மறுபடி ஏற்றும் வரை காத்திருந்து, பின்னால் காலியான ஷீட்டைப் பெயர்த்து முன்னால் போட்டு டேப் ஒட்டினோம். இந்த இடைவெளியில்தான் டீயும் குடித்தோம். டாங்கின் அடி வால்வைத் திறந்து தண்ணீரையும் வடித்துவிட வேண்டும். சென்னைக் காற்றின் ஈரத்துக்கு ஒரு மணி நேர ஓட்டத்தில் ஒரு சொம்பு தண்ணீர் சேர்ந்துவிடும். அது ரெகுலேட்டருக்குள் போனால் முள் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு தொந்தரவு, பக்கவாட்டு நழுவல். மிதக்கும் பொருளுக்கு முன், பின், இடம், வலம் என்று எதுவும் கிடையாது. தள்ளுகிறவர்களில் ஒருவர் கொஞ்சம் அழுத்தினாலும் லேத் ஒருக்களித்துக்கொள்ளும். ஏழடி வாசலில் அது ஆகாது. ஜப்பானின் சப்போரோ டோமில் 8,300 டன் எடையுள்ள புல் மைதானத்தை அப்படியே உள்ளேயும் வெளியேயும் நகர்த்துகிறார்கள். அங்கே காற்று மைதானத்தை முழுதாகத் தூக்குவதில்லை. எடையில் பத்தில் ஒன்பது பங்கைத் தாங்கிக்கொள்ளும்; மீதி சக்கரங்களின் மேல் இருக்கும், சக்கரம்தான் ஓட்டும், திசை காட்டும். அந்த யோசனையைச் சின்னதாக எடுத்துக்கொண்டேன். டெயில்ஸ்டாக் பக்கச் சேனலில் ஒரு கீல் போட்டு, திரும்பாத நைலான் சக்கரம் ஒன்றை ஸ்பிரிங் வைத்துத் தரையில் அழுத்தினேன். இருபது, முப்பது கிலோ அழுத்தம் போதும். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நேராக மட்டுமே போனது. மூக்கை மட்டும் திருப்பினால் போதும்.

வாசற்படியில் பழைய ஷட்டரின் பள்ளம் ஒன்று, அதற்கு அந்தப் பக்கம் எபாக்சி தரை 8 மி.மீ. உயரம். பள்ளத்தில் எம்எஸ் பட்டையை இறக்கி மட்டம் செய்து, உயர வித்தியாசத்துக்குக் கலவையில் நாலடி நீளச் சாய்வு முன்பே போட்டுக் காயவைத்திருந்தேன். அதன் மேல் ஷீட். முன் பேட் இரண்டும் சிணுங்காமல் ஏறின. பின் பேட் ஒன்று சாய்வு ஆரம்பிக்கும் மடிப்பில் நின்று கத்தியது. அந்த ரெகுலேட்டரை மட்டும் அரைச் சுற்று கூட்டியதும் தாண்டியது.

நாலு பேடும் எபாக்சிக்கு வந்ததும் ஷெட்டில் இருந்த இரைச்சல் போய்விட்டது. அதுவரை கத்திக்கொண்டு பேசியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் குரலைக் குறைத்தோம். டாங்க் கேஜைப் பார்த்தேன்: 6இல் இருந்த முள் இறங்கவில்லை, கம்ப்ரசர் ஏற்றுவதும் பேட் குடிப்பதும் சமமாகிவிட்டது. இங்கே வாட்டமும் இல்லை. பெரியவர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வந்து, சக்கரத்தைத் தூக்கச் சொல்லி, ஹெட்ஸ்டாக்கில் ஒரு உள்ளங்கையை வைத்துத் தள்ளினார். லேத் அப்படியே மெதுவாகச் சுழன்றது. நிறுத்தவும் அதே கையை மறுபக்கம் கொண்டுபோக வேண்டியிருந்தது.

“தூக்கறது நல்லாத்தான் தூக்குது தம்பி. நிக்க மாட்டேங்குதே.”

தரையில் வரைந்திருந்த சாக்பீஸ் கோட்டுக்கு லேத்தைக் கொண்டுவந்து நேராக்க, பைப் முறையில் என்றால் கடப்பாரையால் அரை மணி நேரம் நெம்பிக்கொண்டிருப்போம். இதில் இரண்டு விரல் வேலை. எனக்கு இந்த முறையில் நிஜமாகவே பிடித்தது தூக்குவதைவிட இதுதான்: பக்கவாட்டில் போகலாம், இருந்த இடத்திலேயே திரும்பலாம், மில்லிமீட்டர் மில்லிமீட்டராக ஒதுங்கலாம். கோட்டுக்கு வந்ததும் காற்றை வெட்டினேன். எபாக்சியில் ஒரு கீறல் இல்லை.

பேடைக் கழற்றிப் பார்த்தபோது ஒன்றில் மட்டும் ரப்பரில் ஒரு சின்ன வெட்டு. லேத் ஷாப் தரை. எத்தனை தடவை பெருக்கினாலும் ஒரு பிசிறு எங்காவது கிடக்கும். காந்தம் போட்டு இழுத்திருந்தும் இது மாட்டியது, அலுமினியப் பிசிறு, காந்தத்தில் ஒட்டாது. சைக்கிள் பஞ்சர் ஒட்டு போட்டுச் சொல்யூஷன் தடவிச் சரிசெய்தேன். ஒட்டின் விளிம்பு தடித்து நின்றால் அதுவே கசிவாகும், அதனால் காய்ந்ததும் எமரி தாளால் தேய்த்துச் சரிவாக்க வேண்டும்.

செலவில் பாதிக்கு மேல் நாலு அரை இஞ்ச் ரெகுலேட்டருக்குத்தான் போனது. அவை வேறு வேலைக்கும் உதவும். அடுத்த செட்டில் பிளைவுட்டுக்குப் பதில் 8 மி.மீ. எம்எஸ் தகடு போடுவேன், பேடின் உயரம் பாதியாகும், ஜாக்கி வேலை குறையும்.

பக்கத்து ஷெட்காரர் தன் கிரானைட் சர்ஃபேஸ் பிளேட்டை, அதாவது மட்டம் பார்க்கும் கல்லை, மாடிப்படிக்கு அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று பேடுகளைக் கேட்டிருக்கிறார். அவர் தரை கடப்பா கல், ஒவ்வொரு கல் சந்திலும் விரல் நுழையும். ஷீட் ஆறு தருகிறேன், முதலில் சந்தெல்லாம் பூசிக் காயட்டும் என்று சொல்லியிருக்கிறேன். பெரியவர் கயிறோடு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.